கூடங்குளம் 2019: ஒரு மறுப்பும் ஒரு நாள் அவகாசமும்

எஸ்.ஓ.சி. அனலிஸ்ட்னா என்னப்பா வேலைன்னு ஊருக்குப் போனா கேக்குறாங்க. போடிக்காரங்களுக்குப் புரிய வைக்கிறது ஈஸி. மலையில இருந்து வர்ற ஏலக்காயைச் சலிச்சு, 8 மில்லிமீட்டர் காயைத் தனியா, வெடிச்சதைத் தனியாப் பொறுக்குறாங்கல்ல, அந்த மாதிரிதான். காய்க்குப் பதிலா கம்ப்யூட்டர் லாக். நாங்க தேடுறது சொத்தையை மட்டும் :-)

இந்த வேலையோட அருமை தெரியணும்னா 2019 கூடங்குளம் கதையைப் பார்க்கணும்.

2019 செப்டம்பர் 4. அணுமின் கழகத்தோட கம்ப்யூட்டர்ல மால்வேர் இருக்குன்னு சர்ட்-இன் கண்டுபிடிச்சுத் தகவல் கொடுத்தது. அதே மாசம் 23ல காஸ்பர்ஸ்கி 'டி-ட்ராக்' பத்தி அறிக்கை வெளியிட்டது. தட்டுற எழுத்து, பிரவுசர் ஹிஸ்டரி எல்லாத்தையும் சுருட்டுற உளவு மால்வேர் இது. வடகொரியாவோட தொடர்புபடுத்தப்படுற லாசரஸ் குழுவோட கைவரிசைன்னு சொன்னாங்க. இதோட பங்காளிதான் 2018ல நம்ம ஏ.டி.எம்.கள்ல கார்டு விவரம் திருடுனது.

மக்களுக்கு விஷயம் தெரிஞ்சது அக்டோபர் 28லதான். வைரஸ்டோட்டல்ல கிடைச்ச ஒரு டி-ட்ராக் சாம்பிளுக்குள்ளயே கூடங்குளம் ஆலையோட சுருக்கப் பெயர் போட்ட அட்மின் யூசர்நேம் எழுதியிருந்தது. என்.டி.ஆர்.ஓ.வில் முன்பு வேலை பார்த்த புக்ராஜ் சிங், செப்டம்பரிலேயே அரசுக்குச் சொல்லியாச்சுன்னு ட்விட்டர்ல எழுதினார்.

29ந் தேதி ஆலையிலிருந்து மறுப்பு: பரவுறது பொய்த்தகவல், கண்ட்ரோல் சிஸ்டம் தனியா இயங்குது, அதைத் தாக்கவே முடியாது. 30ந் தேதி அணுமின் கழகம்: மால்வேர் இருந்தது உண்மைதான், ஆனா அது நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்ல இருந்த ஒரு பிசி, ஆலை சிஸ்டத்துக்குப் பாதிப்பில்லை.

கவனிச்சீங்களா? கேட்டது 'உள்ள யாராவது வந்தாங்களா?' பதில் 'ரியாக்டர் பத்திரம்'. இப்படிப் பதில் எழுதி ஒரு டிக்கெட்டை நான் மூடினா என் லீட் திரும்பத் திறந்து என் தலையிலயே கட்டிடுவார். உளவாளிக்கு ரியாக்டர் எதுக்கு? யார் எந்தப் பொறுப்பு, எந்த வெண்டர்கிட்ட என்ன வாங்குறாங்க, எல்லாம் நிர்வாக மெயில்லயே கிடைக்குமே. அட்மின் பெயரையே எழுதி வச்சிருக்கான்னா, அதுக்கு முன்னாடியே ஒரு தடவை உள்ள வந்து பார்த்துட்டுப் போயிருக்கான்ங்கிறது என் கணிப்பு. இணையத்துல இல்லாததாலயே பத்திரம்ங்கிறதும் 2010ல வெளியான ஸ்டக்ஸ்நெட்டோட போச்சு. ஈரானோட நட்டான்ஸ் ஆலைக்குள்ள அது போனது யுஎஸ்பி வழியான்னுதான் பரவலா நம்பப்படுது.

எங்க போடி மேற்கு மலையில, பொட்டிப்புரம் பக்கம், 2015ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த நியூட்ரினோ ஆய்வகமும் அணுசக்தித் துறை சம்பந்தப்பட்டதுதான். நியூட்ரினோ ஆபத்துன்னு சொல்ல வரல. ஆனா 'பயப்பட ஒண்ணுமில்ல'ன்னு ஊர்ல யாராவது சொன்னா, எனக்கு அந்த 29ந் தேதிதான் ஞாபகம் வருது.

சந்தேகம் இருந்தா கேளுங்க மக்களே. இந்த வாரம் நைட் ஷிப்ட், முழிச்சுத்தான் இருப்பேன்.