உப்பில்லாக் கருவாடும் தரங்கம்பாடியும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் எழுந்து நிற்கும் பெருமுக்கல் குன்றின் கோட்டையை, வந்தவாசிப் போருக்குப் பின் 1760இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலத் தளபதி அயர் கூட் கைப்பற்றினார். 1782இல் அது ஹைதர் அலியின் கைக்குப் போனது. ஐரோப்பியக் கம்பெனிகளும் மைசூரும் இந்தச் சிறு குன்றுக்காகக் குருதி சிந்திய அந்த ஆண்டுகளில், இதே கரையின் தெற்கே தரங்கம்பாடியில் கொடியேற்றியிருந்த டேனியர் போரில் இறங்காமல் வணிகக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தனர். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை 793இல் சூறையாடிய வைக்கிங் கூட்டத்தின் வழித்தோன்றல்களா இவர்கள் என்ற வியப்பு எழுவது இயல்பே. 'வைக்கிங்' என்பது ஓர் இனத்தின் பெயரன்று, கடற்கொள்ளைக்குப் புறப்படுவதைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல் என்பதும், அத்தொழிலைச் செய்தவர்களே உழவராகவும் வணிகராகவும் பிற நாடுகளில் குடியேறினர் என்பதும் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டுள்ளன.

இவ்வாரம் சொல்லப்பட வேண்டியது, தரங்கம்பாடியை டேனியருக்கு வழங்கிய 1620 நவம்பர் ஒப்பந்தம். ஆயினும், அந்த ஒப்பந்தம் வரை ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது எது என்ற கேள்வியைத் தாண்டிச் செல்வது முறையாகாது. அதற்கு வாளும் கோடரியும் விடையல்ல, கருவாடே விடை.

மரக்காணம் கரையில் இதைப் புரிந்துகொள்வது எளிது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளில் 'அளம்', அதாவது உப்பு விளையும் நிலம், இடம்பெறுகிறது. பாத்திகளில் உவர்நீரைத் தேக்கினால் போதும். வெயிலும் காற்றும் எஞ்சிய வேலையைச் செய்து முடிக்க, மழைக்காலம் வரை உப்பு வாரலாம். நெத்திலி போன்ற சிறு மீன்கள் சுடுமணலிலேயே உலர்ந்துவிடும் என்றாலும், வஞ்சிரம், பாறை போன்ற பெருமீன்களின் வயிற்றைக் கீறி உப்பைத் திணிக்காவிட்டால் மறுநாளே அழுகும் என்பதை இக்கரையில் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நார்வேயின் வடகோடியிலும் ஐஸ்லாந்திலும் இவ்வசதி கிடையாது. கடல்நீரை வற்றவைக்க வெயில் போதாது. காய்ச்சுவதற்கோ, ஐஸ்லாந்தில் விறகும் அரிது. ஆனால் அங்கே 'காட்' என்னும் மீன் இருந்தது. அதன் சதையில் கொழுப்பு மிகக் குறைவாதலால், தலையை வெட்டி மரச் சட்டங்களில் தொங்கவிட்டால், உறைநிலையை ஒட்டிய குளிர்காற்றில் ஒரு கல் உப்பும் இல்லாமல் விறகைப்போல் இறுகி, ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அன்றைய டேனிய வணிகத் துறையான ஹைதாபூவில் கிடைத்த, 800க்கும் 1066க்கும் இடைப்பட்ட மீன் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் சில நார்வேயின் வடகடலிலிருந்து வந்தவை என்று 2017இல் நிறுவினர். அடுப்பு மூட்ட முடியாத திறந்த படகில் வாரக்கணக்கில் செல்வோர்க்கு இதைவிட ஏற்ற கட்டுச்சோறு ஏது? டிராகன் தலை பொறித்த கப்பல்களைப் பாடுவோர் இந்த மீனை மறந்துவிடுகின்றனர் என்பது நியாயமான குறை.

இந்த மீனை உண்டு வளர்ந்த ஒருவர் சோழமண்டலக் கரைக்கே வந்து சேர்ந்தார். 870களில் தொடங்கிய குடியேற்றத்தால் உருவாகி, பின்னர் டேனிய முடியின் கீழ் வந்த ஐஸ்லாந்தின் மேற்குக் குடாக்கள் பகுதியில் 1593இல் பிறந்த யோன் ஓலாஃப்சன் என்பவரே அவர். 1615இல் ஓர் ஆங்கிலக் கப்பலில் ஊரை விட்டகன்று, கோபன்ஹேகனில் நான்காம் கிறிஸ்டியன் மன்னரின் பீரங்கிப் படையில் சேர்ந்து, வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் வரை சென்று வந்து, 1622இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டையில் பீரங்கி வீரராகப் பணியேற்றார். அங்கு நேர்ந்த வெடிமருந்து விபத்தில் கடுமையாகக் காயமுற்று நாடு திரும்பி, 1661இல் தம் வாழ்க்கையை எழுதிவைத்தார். 'இந்தியப் பயணி' என்ற அடைமொழியுடன் ஐஸ்லாந்தியர் இன்றும் அவரை நினைவுகூர்கின்றனர். அவர் தாய்நாடு சேர்ந்த மறு ஆண்டே, 1627இல், வட ஆப்பிரிக்கக் கொள்ளையர் ஐஸ்லாந்தில் இறங்கி நூற்றுக்கணக்கானோரை அடிமைகளாகப் பிடித்துச் சென்றனர். வைக்கிங்குகளின் பேரப்பிள்ளைகளே கடற்கொள்ளைக்கு இரையாயினர்.

தரங்கம்பாடி டேனியரும் பழைய குணத்தை முற்றிலும் கைவிட்டவர்கள் அல்லர். 1643க்கும் 1669க்கும் இடையில் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வராத நிலையில், வங்காளக் கப்பல்களை மடக்கிப் பிடித்தே கோட்டையின் செலவைச் சமாளித்தனர். 1655க்குப் பின் அங்கு எஞ்சிய ஒரே டேனியரான எஸ்கில்ட் கோங்ஸ்பாக்க, உள்ளூர் மக்களின் துணையுடன் அக்கோட்டையைக் காத்து நின்றதும் இவ்வழியில்தான். அவரை வீரர் என்று டேனிய நூல்கள் போற்றலாம். சரக்கை இழந்த வங்காள வணிகருக்கு அவர் கொள்ளைக்காரரே.

ஒப்பந்தமோ இன்னும் தொடங்கவே இல்லை. 1618 நவம்பரில் கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்டு 1620 மே மாதம் இலங்கையை அடைந்த டேனியத் தளபதி ஓவ கெட்டேயின் பெயரே பாடநூல்களில் நிற்கிறது. ஆனால் தம் கப்பலைப் போர்ச்சுக்கீசியரிடம் இழந்து, உயிர் தப்பிய சிலருடன் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை முன்னதாகவே அடைந்து வழிதிறந்தவர் ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரர்; பெருமையின் பெரும்பங்கு அவருக்கே உரியது. டேனிய மன்னருக்கு நாயக்கர் பொன் ஓலையில் எழுதியனுப்பிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. கிராப்பேயும் அந்தப் பொன் ஓலையும் அடுத்த இதழில்.