காத்திருக்கக் கற்ற குழந்தைகள்

கலிபோர்னியா மாகாணத்தில், ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்து 1966-இல் திறக்கப்பட்ட பிங் பாலர் பள்ளியிலேதான், நாஜிகளுக்கு அஞ்சி வியன்னாவை விட்டுப் பெற்றோருடன் வெளியேறிய சிறுவனாக அமெரிக்கா சேர்ந்து, பின்னாளில் மனோதத்துவப் பேராசிரியராக விளங்கிய வால்ட்டர் மிஷெல், உலகறிந்த அந்தப் பரீட்சையை நடத்தினார். நாலு வயதுக் குழந்தையைச் சிற்றறையொன்றில் அமர்த்தி, எதிரே தின்பண்டத்தையும் ஒரு மணியையும் வைத்து, தாம் திரும்பும்வரை பொறுத்திருந்தால் பெரிய பங்கு கிடைக்கும், பொறுக்க முடியாமல் மணியடித்து அழைத்தால் சிறியதே கிடைக்கும் என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சியாளர் வெளியேறிவிடுவார். கண்களைக் கையால் பொத்திக்கொண்டும், பாட்டொன்றைத் தனக்குள் முணுமுணுத்தும், கைகால்களைக் கொண்டே புது விளையாட்டுக் கற்பித்தும், மேஜைமேல் தலைசாய்த்துத் தூங்கிவிடப் பார்த்தும் கால்மணி நேரத்தைக் கழிக்க அந்தப் பிஞ்சுகள் பட்ட பாட்டை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் இளகுகிறது.

நெடுநேரம் பொறுத்த குழந்தைகள் வாலிபப் பருவத்திலும் கல்வியில் சிறந்தனர் என்று 1990-இல் வெளியான ஆராய்ச்சி கூறவே, புலனடக்கம் குழந்தையின் பிறவிக்குணம் என்பதுபோல உலகம் பேசத் தலைப்பட்டது. பரீட்சைக்கு வந்த குழந்தைகளிற் பெரும்பாலோர் சர்வகலாசாலையைச் சார்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்பதைப் பலர் கருதவில்லை. தந்தை உடன் வாழாத சிறுவர்கள், பின்னர் வரும் பெரிய மிட்டாயைவிட உடனே கைக்கு வரும் சிறியதையே நாடினார்கள் என்று டிரினிடாட் தீவில் மிஷெல்தாமே முன்பு கண்டு, 1958-இல் எழுதியிருந்ததும் மறக்கப்பட்டது.

2013-இல் ராச்செஸ்டர் சர்வகலாசாலையார் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருகிறேன் என்று முதலில் சொல்லி, சில குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களிடம் இல்லையென்று கைவிரித்தார்கள். பிறகு மிட்டாயை வைத்தபோது, வாக்கு நிறைவேறக் கண்டவர்கள் சராசரி 12 நிமிஷமும், ஏமாந்தவர்கள் 3 நிமிஷமுமே பொறுத்தார்கள். ஏமாந்த குழந்தை அவசரப்பட்டதில் அறிவீனம் என்ன இருக்கிறது?

2018-இல், 900-க்கு மேற்பட்ட குழந்தைகளை, பட்டப்படிப்பில்லாத தாய்மாரின் பிள்ளைகளைச் சிறப்பாகக் கருதி ஆராய்ந்தவர்கள், தாயின் கல்வி, குடும்ப வருமானம், வீட்டின் வளர்ப்புச் சூழல், குழந்தையின் இளமை அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கிற் சேர்த்தவுடன், பொறுமைக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கக் கண்டார்கள். சொன்ன சொல்லை நிறைவேற்றுவதற்குத் தாய்க்கும் உறக்கமும் பொருளும் மனநிம்மதியும் வேண்டுமே! இத்தனை காலம் குழந்தையின் நிமிஷங்களையே எண்ணிக்கொண்டிருந்த உலகம், அவளுடைய சோர்வை விசாரிக்க இவ்வளவு தாமதித்ததே என்பதுதான் என் ஆற்றாமை.