வேருக்குள் ஒரு முத்து

முத்து எப்படி உண்டாகிறது? சிப்பி வாய் திறக்க, மழைத்துளி உள்ளே விழ, அது முத்தாகிறது என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பாள். லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் நம்பவில்லை. இலங்கை அரசாங்கம் அழைத்து 1902ல் வந்தவர், மன்னார் வளைகுடா சிப்பிகளை அறுத்துப் பார்த்தார். உள்ளே புழு! நாடாப்புழுவின் குஞ்சு. அதன் தொல்லை தாங்காமல் சிப்பி சுற்றிப் பூச்சுப் பூசிச் சமாதி கட்டிவிடுகிறது. அந்தச் சமாதிதான் முத்து என்றார். கூட இருந்து உதவியவர் ஜேம்ஸ் ஹார்னெல். பிற்பாடு மதராஸ் மீன்வளத் துறைக்கு வந்தவர். எல்லா முத்துக்கும் புழுதான் காரணம் என்ற முடிவு அப்புறம் நிற்கவில்லை. அது கிடக்கட்டும்.

கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வாருங்கள். தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர்போன ஊர். 2023ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாச்சு. ஒரு கொடிக்காலில் இலை மஞ்சளடித்து, சிறுத்து, தண்ணீர் பாய்ச்சியும் கொடி வாடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருக்கலாம். ஒரு முடிச்சைப் பிளந்து பூதக்கண்ணாடியை வையுங்கள். வெள்ளை வெளேரென்று, பேரிக்காய் வடிவத்தில், பளபளவென்று ஒன்று. சாட்சாத் முத்து!

முத்து இல்லை, சார். வேர்முடிச்சு நூற்புழுவின் பெண். இருந்த இடத்தை விட்டு அசையாமல் வேரை உறிஞ்சியபடி நூற்றுக்கணக்கில் முட்டை போடும். வாழை, கத்தரி, தக்காளி எதையும் விடாது.

இந்தியாவில் இந்தப் புழுவை முதலில் பதிவு செய்ததும் நம் பக்கம்தான். 1901ல், கூடலூருக்குப் பக்கத்துத் தேவாலாவில், தேயிலை வேரில். கண்டுபிடித்தவர் மதராஸ் அரசின் தாவரவியலாளர் பார்பர். பின்னால் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கினாரே, அதே பார்பர்.

கண்டுபிடித்தாச்சு. ஒழிப்பது எப்படி?

இதற்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் லின்ஃபோர்ட். ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்களில் வேலை. 1930களில் ஒரு காரியம் செய்தார். அன்னாசிச் செடியை நறுக்கி மண்ணில் போட்டு மட்கவிட்டார். சாதுவான, வேரைத் தொடாத நூற்புழுக்கள் அதில் பெருகின. அவற்றைத் தின்ன எதிரிகள் பெருகினார்கள். அந்த எதிரிகளில் சில பூஞ்சைகள் பசைவலை பின்னிக் காத்திருக்கும்; சில, சுருக்குக் கயிறு மாதிரி வளையம் வைத்திருக்கும். புழு நுழைந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் வளையம் இறுகும். அப்புறம் உள்ளே புகுந்து சாப்பாடுதான். அந்த மண்ணில் தட்டைப்பயறு போட்டுப் பார்த்தார். வேர் முடிச்சு குறைந்திருந்தது.

ஆனால் பூஞ்சையைத் தனியாக வளர்த்து மண்ணில் கலந்தபோது பெரிய பலன் இல்லை. இன்னும் நாலைந்து வருஷம் பொறுத்திருக்கலாம். யார் பொறுப்பார்கள்? 1943ல் அதே ஹவாயில், பெட்ரோலியத் தொழிலில் துணைப்பொருளாகக் கிடைத்த 'டி-டி' என்ற திரவம் புழுவைக் கொல்லும் என்று தெரிந்தது. விலை மலிவு. ஊற்றினால் சாகும். பூஞ்சையை மறந்தார்கள்.

அடுத்து வந்தது டிபிசிபி. 'நெமகான்' என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் வரலாம். ஆய்வகப் பிராணிகளின் விதைப்பை இதனால் சுருங்குகிறது என்று 1961லேயே அச்சில் வந்துவிட்டது. விற்பனை நிற்கவில்லை. 1977ல் கலிஃபோர்னியாவின் லாத்ராப் ஊரில், அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் ஒரு சமாச்சாரத்தைக் கவனித்தார்கள். நமக்கு ஏன் குழந்தையே பிறப்பதில்லை? சோதித்ததில் பலருக்கு விந்தணு குறைவு. சிலருக்கு அடியோடு இல்லை. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கூலிகள் வழக்குப் போட்டார்கள். 1979ல் அமெரிக்கா தடை கொண்டு வந்தது, ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்து. எந்த இடம் தெரியுமா? ஹவாய் அன்னாசி! நான் படித்தது பி.காம். எந்த வரவு செலவுக் கணக்கில் இந்த அப்பாக்களின் நஷ்டத்தை எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதே 1979ல் பெரு நாட்டில் ஜடாலா என்ற விஞ்ஞானியின் குழு, நூற்புழுவின் முட்டைக்குள் புகுந்து தின்னும் ஒரு பூஞ்சையைப் பதிவு செய்தது. இன்று அது நம்மூரிலும் பாக்கெட்டில் கிடைக்கிறது. கூடவே சூடோமோனாஸ் பாக்டீரியா: ஹெக்டேருக்கு 2.5 கிலோ, மட்கிய தொழுவுரத்தில் கலந்து போடச் சொல்கிறார்கள். வேப்பம்புண்ணாக்கு, நடுநடுவே செண்டுமல்லி என்று பழைய கைவைத்தியமும் உண்டு. லின்ஃபோர்ட் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே? மண்ணுக்கு மட்கியதைப் போடு, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

வெற்றிலை விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். பறித்த இலையை நாம் சமைத்தா சாப்பிடுகிறோம்? துடைத்து, சுண்ணாம்பு தடவி, நேராக வாயில். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை முதல் எதிர்வீட்டு ஆச்சி வரை.

விஷம் மாதிரி இது உடனே வேலை காட்டாது. அடியோடு ஒழிக்கவும் ஒழிக்காது; குறைக்கும். இன்னொரு சங்கடம், பாக்கெட்டில் இருப்பது உயிர். தூத்துக்குடி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மூன்று மாசம் கிடந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது வெறும் மாவுதான். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.