ஈரத்துணியும் அழுத்தமானியும்: பெட்ரோல் பம்ப் மாற்றிய இந்தியப் பட்டறைகளின் வரலாறு

மே மாத நண்பகலில் நெடுஞ்சாலையில் திணறி நின்ற அம்பாசிடரின் ஓட்டுநர் முதலில் தேடியது ஸ்பேனரை அன்று. ஒரு குவளைத் தண்ணீரையும் ஒரு பழந்துணியையும்தான். என்ஜினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றிவிட்டுச் சற்று நேரம் மரநிழலில் அமர்ந்தால் வண்டி மீண்டும் கிளம்பிவிடும். கல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகளிலும் பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினிகளிலும் தலைமுறைகளாக வழங்கிய கைவைத்தியம் இது. இதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை. என்ஜினின் சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டும். திரவத்தை இழுப்பதற்கென அமைந்த பம்ப், ஆவியை இழுக்க முடியாமல் வீணே அடித்துக்கொண்டிருக்கும். ஈரம் சூட்டைத் தணித்தால் ஆவி திரும்பவும் திரவமாகும். ஆனால் அந்த ஈரத்துணி, பம்ப் நலிந்துவிட்டது என்பதையும் சில நேரங்களில் மறைத்தது. பழுதுநீக்கத்தில் முறை எது, குறுக்குவழி எது என்ற கேள்வி இந்தியச் சாலைகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் பம்பே கிடையாது. கார்பரேட்டரைவிட உயரத்தில் டாங்க் இருந்தது. பெட்ரோல் தன் எடையால் இறங்கி வந்தது. டாங்க் வண்டியின் பின்புறத்துக்குத் தாழ்ந்தபோது பெட்ரோலை மேலே இழுக்க ஒரு கருவி தேவைப்பட்டது. 1920களின் இறுதியில் பரவத் தொடங்கிய டயாபிரம் பம்ப் அந்தத் தேவையை எளிமையாகத் தீர்த்தது. அதைப் பெருமளவில் தயாரித்தது ஆல்பர்ட் சாம்பியனின் பெயரெழுத்துகளைத் தாங்கிய ஏ.சி. நிறுவனம். இந்தியப் பட்டறைகளில் இவ்வகைப் பம்புக்கு ‘ஏ.சி. பம்ப்’ என்றே பெயர் நிலைத்தது. குளிர்சாதனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிறுவனத்தின் பெயர் பொருளின் பெயராகி, பின்னர் வேறு நிறுவனங்கள் செய்த பம்புகளுக்கும் பொதுப்பெயராக மாறியது.

அதன் இயக்கம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியது. கேம்ஷாஃப்டின் மேடு ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது டயாபிரத்தைக் கீழே இழுக்கும். டாங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். மேடு விலகியதும் ஸ்பிரிங் டயாபிரத்தை மேலே தள்ளி, பெட்ரோலைக் கார்பரேட்டருக்கு அனுப்பும். வெளியேறும் பெட்ரோலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டுகள் மட்டுமே. இந்தச் சிறிய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு முழுவதும் விளங்கும்.

அந்தப் பம்பை மாற்றுவதற்கும் ஒரு முறை இருந்தது. பாட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். கேமின் மேடு நெம்புகோலின்மீது அழுந்தாத நிலைக்கு என்ஜினைத் திருப்பிக்கொள்ளவேண்டும். இல்லையேல் புதிய பம்ப் சாய்ந்து உட்கார்ந்து, போல்ட்டின் மரை கெடும். கேஸ்கட்டின் கனமும் உரிய அளவில் இருக்கவேண்டும். கனம் கூடினால் நெம்புகோலின் வீச்சு குறையும், குறைந்தால் நெம்புகோல் மிகையாக அழுத்தப்படும். டயாபிரத்தை மட்டும் மாற்றுவதானால், பிரிப்பதற்குமுன் பம்பின் இரு பாதிகளிலும் அரத்தால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளவேண்டும். திரும்பப் பூட்டும்போது நெம்புகோலை முழு வீச்சுக்கு அழுத்திப் பிடித்தபடி திருகுகளை இறுக்கவேண்டும். அவ்வாறு செய்யாவிடில் டயாபிரம் விறைப்பாக இழுபட்டு விரைவில் கிழியும்.

இம்முறை எல்லா இடங்களிலும் கைக்கொள்ளப்படவில்லை. அதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. உத்தர்பாராவின் அம்பாசிடரும் குர்லாவின் ஃபியட்டும் சந்தையைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, கார் வாங்கக் காத்திருப்புப் பட்டியல், உதிரிபாகத்துக்குத் தட்டுப்பாடு. பெரும்பாலான மெக்கானிக்குகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்றவர்கள் அல்லர். உஸ்தாதின் அருகில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்றவர்கள். ஆங்கிலத்தில் அச்சான பணிமனைக் கையேடு அவர்கள் கைக்கு வந்ததில்லை. ஆகவே ரப்பர் பூசிய துணியை வெட்டி டயாபிரம் செய்தார்கள். தடித்த அட்டையிலிருந்து கேஸ்கட் வெட்டினார்கள். பம்ப் முற்றிலும் செயலிழந்த இடத்தில் ஒரு தகர டப்பாவை உயரத்தில் கட்டி, குழாய் வழியாகக் கார்பரேட்டருக்குப் பெட்ரோலை இறக்கினார்கள். இந்தக் கடைசி உத்தி, கார்கள் முதலில் ஓடிய முறைக்கே திரும்புவதுதான்.

இக்குறுக்குவழிகள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. வண்டியை வீடு சேர்க்கும் அளவுக்குக் காலத்தைக் கடன் வாங்குபவை ஒரு வகை. பழுதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குபவை மற்றொரு வகை. ஏ.சி. பம்பின் உடலில் ஒரு சிறு துளை உண்டு. டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் அதன் வழியே வெளியே சொட்டும்; பழுதை அறிவிப்பதற்காகவே வைக்கப்பட்ட துளை அது. கசிவை நிறுத்துவதாக எண்ணி அதை அடைத்தால், பெட்ரோல் உள்நோக்கித் திரும்பி என்ஜின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும், பேரிங்குகள் தேயும். சில ரூபாய் டயாபிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை என்ஜினைப் பிரிப்பதில் போய் முடியும். தேர்ந்த மெக்கானிக் ஈரத்துணியையும் தகர டப்பாவையும் பயன்படுத்தத் தயங்கியதில்லை; அந்தத் துளையை மட்டும் அடைக்கமாட்டார்.

இந்த அறிவுலகத்தை மாற்றியது ஒரு நீதிமன்ற ஆணை. எம். சி. மேத்தா தொடுத்த காற்று மாசு வழக்கில் 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், தேசியத் தலைநகர்ப் பகுதியில் பதிவாகும் தனியார் கார்கள் அவ்வாண்டு ஜூன் முதல் யூரோ 1 அளவுகோலையும், 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 அளவுகோலையும் நிறைவு செய்யவேண்டும் என ஆணையிட்டது. யூரோ 2 அளவுகோலைக் கார்பரேட்டரால் எட்டுவது கடினம். 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ ஏற்கெனவே எரிபொருள் பீய்ச்சு முறையில் அமைந்திருந்தது. மாருதி 800 உள்ளிட்ட பிற கார்களும் அதே வழிக்கு வந்தன. பம்ப் என்ஜினின் பக்கத்திலிருந்து விலகி, டாங்குக்குள் மூழ்கிய மின்மோட்டாராக மாறியது. அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டுகளிலிருந்து 40 பவுண்டுக்கு அருகில் உயர்ந்தது. கார் டயரில் நிரப்பும் காற்றின் அழுத்தத்தைவிட இது அதிகம்.

இந்தப் பத்து மடங்கு உயர்வு, பழைய குறுக்குவழிகளின் பொருளையே மாற்றிவிட்டது. முன்பு தளர்ந்த குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டியது. இப்போது பீறிட்டுத் தெறிக்கும். என்ஜினை நிறுத்திய பின்னும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். ஆகவே புதிய முறையின் முதற்படி எதையும் கழற்றுவது அன்று. பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, என்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தைத் தீர்ப்பது. அடுத்து பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது. பிறகே குழாயில் கைவைப்பது. டாங்கின் பூட்டுவளையத்தை இரும்பு உளியால் தட்டாமல், பொறி எழாத பித்தளைத் துண்டால் தட்டுவது. பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியதைப் போடுவது. டாங்கின் அடியில் துருவோ கசடோ இருந்தால் அதைக் கழுவாமல் புதிய பம்பை இறக்காதிருப்பது.

சில கார்களில் பின்னிருக்கையைத் தூக்கினால் பம்புக்கு வழி இருக்கும். சிலவற்றில் டாங்கையே கீழே இறக்கவேண்டும். டாங்கை இறக்கப் பாதி நாள் போகும். அதைத் தவிர்க்கத் தரைத்தகட்டைக் கிரைண்டரால் அறுத்துத் துளையிடுவது பட்டறைகளில் பழகிப்போன குறுக்குவழி. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. வெளியே பறந்துவிடாமல் தாழ்ந்த இடங்களிலும் பட்டறைக் குழிகளிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவே ஆவி கலந்திருந்தாலும் ஒரு பொறி போதும். அறுக்கும் சக்கரம் தெறிக்கவிடும் பொறிகளோ எண்ணிலடங்கா. பழைய குறுக்குவழி தவறினால் வண்டி வழியில் நின்றது. இது தவறினால் வேலை செய்தவர் உயிரோடு திரும்பாமல் போகலாம்.

நிறுவன முத்திரை பெற்ற பணிமனையில் நடப்பதெல்லாம் முறை என்று கொள்வதும் பிழை. வண்டி கிளம்பவில்லை என்றதும் பம்ப் தொகுதி முழுவதையும் மாற்றிப் பெருந்தொகைக்குப் பட்டியல் தருவதும் ஒரு குறுக்குவழியே. பழுதான ரிலே, துருப்பிடித்த எர்த் இணைப்பு, அடைபட்ட வடிகட்டி ஆகிய எல்லாமே பம்ப் செத்ததுபோலத் தோற்றம் தரும். குழாயில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பதும், பம்பின் முனையில் மின்னழுத்தத்தை அளப்பதும் சில நிமிட வேலைகள். அவற்றைத் தவிர்த்துவிட்டு மாற்றப்படும் புதிய பம்ப், சீருடை அணிந்த ஊகம் மட்டுமே.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபோது இதே மாற்றம் மோட்டார் சைக்கிளைத் தொட்டது. அதுவரை நாட்டின் பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோல் டாங்கிலிருந்து தானாகவே இறங்கியது. பம்புக்கு இடமே இல்லை. இப்போது மரத்தடிப் பட்டறைக்கு வரும் சாதாரணப் பைக்கின் டாங்குக்குள்ளும் ஒரு மின்பம்ப் ஓடுகிறது. சட்டம் நாள் குறித்து இயந்திரத்தை மாற்றிவிட்டது. அந்த இயந்திரத்தைத் தொடும் கைகளுக்குரிய பயிற்சிக்கு அப்படியொரு நாள் குறிக்கப்படவில்லை. நிறுவனங்களின் பயிற்சி முதலில் சென்றது அவற்றின் சொந்தப் பணிமனைகளுக்கே. மரத்தடி மெக்கானிக் அதைக் கைப்பேசிக் காணொளிகளில் தேடுகிறார். அங்கே முறையும் குறுக்குவழியும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்ந்தது. அவற்றோடு ஈரத்துணியும் போயிற்று. பழைய உஸ்தாதின் ஒரு வழக்கத்துக்கு மட்டும் இன்றும் வேலை இருக்கிறது. புதிய ஏ.சி. பம்பைப் பூட்டியதும் அவர் உடனே என்ஜினைக் கிளப்பமாட்டார். கைநெம்புகோலைச் சிலமுறை அழுத்திப் பெட்ரோலை ஏற்றிவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். இன்றைய கையேடும் அதையே சொல்கிறது: சாவியை இரண்டு மூன்று முறை திருப்பி அழுத்தம் ஏறவிடுக, இணைப்புகளில் கசிவு இல்லையெனக் கண்ட பிறகே என்ஜினைக் கிளப்புக.