ஏட்டில் இருந்த பெயரும் கடையில் இருந்த பெயரும்

இங்கிலாந்தின் வியாபாரக் குறிப் பதிவேடு 1876ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பெற்றது. அதில் முதலாம் இலக்கத்தைப் பெற்றது பாஸ் என்னும் பியர் வடிசாலையின் செம்முக்கோணம். அந்த இடத்தைப் பிடிப்பதற்காக அவ்வடிசாலையின் ஊழியர் ஒருவர் முதல்நாள் இரவே வாயிலிற் காத்துக் கிடந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, பதிவுக்கு வணிகர் கொடுத்த மதிப்பை அக்கதை காட்டுகிறது. ஆயினும் பதிவேடு நிலத்துக்குரிய உறுதி போன்றதன்று. நிலத்தைத் தரிசாக விட்டாலும் அது உடையவனுக்கே உரியது. வழங்காமல் விட்ட பெயரோ கையை விட்டுப் போகும். பொதுவில் எல்லோரும் எடுத்தாளக்கூடிய ஒரு சொல்லை ஒருவனுக்கென வேலியிட்டுக் கொடுக்கும் சட்டம், அதற்கு ஈடாக அச்சொல்லைச் சந்தையில் வழங்க வேண்டும் என்று கேட்கிறது.

இந்த நிபந்தனையை ஏய்க்க முயன்றோர் பலர். அவருள் இம்பீரியல் என்னும் ஆங்கிலப் புகையிலை நிறுவனத்தின் வழக்கு வேடிக்கையானது. ‘மெரிட்’ என்ற பெயரில் ஒரு சிகரெட்டு விற்க அந்நிறுவனம் விரும்பிற்று. ‘சிறப்பு’ என்று பொருள்படும் அச்சொல் பண்டத்தைப் புகழும் சொல்லாதலின் அதனைப் பதிவு செய்தல் இயலாது. ஆகவே அதன் நிழலாக, பொருளற்ற ‘நெரிட்’ என்ற சொல்லைப் பதிந்து வைத்தது. பிறர் எவரேனும் ‘மெரிட்’ எனப் பெயரிட்டால் ‘நெரிட்’டைக் காட்டி மறிக்கலாம் என்பதே எண்ணம். 1976இல் அமெரிக்காவின் பிலிப் மொரிஸ் நிறுவனம் தன் நாட்டில் ‘மெரிட்’டை வெளியிட்டது. உடனே பதிவைக் காத்துக்கொள்ளும் கவலை எழ, ஏறக்குறைய பத்து இலட்சம் ‘நெரிட்’ சிகரெட்டுகள் பெரிதும் விளம்பரமின்றிக் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. பத்து இலட்சம் என்பது சிறு தொகையன்று. எனினும் இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்று, பதிவைக் காக்கும் பொருட்டு நடந்த விற்பனை நல்லெண்ணப் பயன்பாடாகாது என்று தீர்த்து, குறியை ஏட்டிலிருந்து நீக்கிற்று. இத்தீர்ப்பு 1982ஆம் ஆண்டின் வழக்கறிக்கைகளில் இடம்பெற்றது.

இதற்கு நேர்மாறான வழக்கு ஒல்லாந்தில் எழுந்தது. அங்கே அன்சுல் என்னும் நிறுவனம் 1971இல் ‘மினிமக்ஸ்’ என்ற பெயரைத் தீயணை கருவிகளுக்காகப் பெனெலக்ஸ் பணிமனையிற் பதிவு செய்திருந்தது. கருவிகளை விற்பதற்கான அனுமதி 1988இல் முடிவுற்றது. 1989ஆம் ஆண்டு மே மாதத்தின் பின் அந்நிறுவனம் அப்பெயரிற் புதிய கருவி ஒன்றேனும் விற்கவில்லை. ஆனால் முன்னர் விற்ற கருவிகள் தொழிற்சாலைச் சுவர்களில் தொங்கிக்கொண்டுதானே இருந்தன! அவற்றைச் சோதித்தல், பழுது பார்த்தல், உதிரிப் பாகமும் அணைப்புப் பொருளும் வழங்குதல் ஆகிய பணிகள் தொடர்ந்தன. விலைச்சிட்டைகளில் ‘மினிமக்ஸ்’ என்ற பெயர் இருந்தது. சோதனை முடிந்த கருவியில், ‘மினிமக்ஸ் பாவனைக்கு ஆயத்தம்’ என்று பொருள்படும் ஒட்டுச்சீட்டும் ஒட்டப்பெற்றது.

ஜேர்மனிய மினிமக்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த அஜாக்ஸ், ஐந்தாண்டு வழங்கப்படாத பெயர் நீக்கத்தக்கது என்று 1995இல் ரொட்டர்டாம் நீதிமன்றை நாடியது. அங்கே அன்சுல் வென்றது. 1998இல் ஹேக் மேன்முறையீட்டு மன்றில் தோற்றது. பழைய கருவிகளைப் பேணுவது புதிய பண்டத்துக்குச் சந்தை தேடுவதாகாது என்பது அம்மன்றின் கருத்து. வழக்கு ஒல்லாந்தின் உயர் நீதிமன்றுக்கு ஏறி, அங்கிருந்து ஐரோப்பிய நீதிமன்றின் விளக்கத்துக்கு அனுப்பப்பட்டது.

2003ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி வந்த விளக்கம் இன்றும் எடுத்தாளப்படுகிறது. பெயரைக் காப்பதற்கென்றே செய்யும் பாவனை செல்லாது. பண்டம் யாரிடமிருந்து வந்தது என்பதை வாங்குவோனுக்கு உறுதிப்படுத்தி, அப்பண்டத்துக்குச் சந்தையில் இடம் தேடும் பாவனையே மெய்யானது. அது எப்பொழுதும் பெருந்தொகையாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. முன்னர் விற்ற பண்டத்தின் பாகங்களுக்கும், அதனைப் பேணும் சேவைகளுக்கும் பெயரை மெய்யாக வழங்கினால் அதுவும் பாவனையாகும். பத்து இலட்சம் சிகரெட்டுகளாற் பெற முடியாத தகுதிக்கு ஓர் ஒட்டுச்சீட்டு வழி திறந்தது. இதை விந்தை என்பாரும் உளர். ஆனால் கருவியின் முன் நின்று அச்சீட்டைப் படித்தவன், தீப்பற்றினால் இது இயங்கும் என்று அப்பெயரையே நம்பினான். ‘நெரிட்’டை நம்பி வாங்க எவரையும் தேடவேண்டும் என்று அதன் உரிமையாளர் கருதியதேயில்லை.

மெய்யாக வழங்கினாலும் மெய்ப்பிக்கும் சுமை உரிமையாளனுடையதே. விலைச்சிட்டை, விற்பனைக் கணக்கு, திகதியிட்ட விளம்பரம் ஆகியவற்றைப் பேணாதவன் இடர்ப்படுவான். உலகெங்கும் பெயர் பரந்த மக்டொனால்ட்ஸ் நிறுவனமும் இதற்கு விலக்கன்று. அயர்லாந்தின் சுப்பர்மக்ஸ் உணவகம் 2017இல் ‘பிக் மக்’ என்ற பெயரை எதிர்த்தபொழுது, அந்நிறுவனம் தன் ஊழியரின் சத்தியக் கூற்றுகளையும், இணையப் பக்கங்களின் படிகளையும், உறைகளின் மாதிரிகளையும், விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றையுமே முதலிற் சமர்ப்பித்தது. 2019இல் ஐரோப்பியப் பணிமனை அவை போதா என்று பதிவு முழுவதையும் நீக்கிற்று. மேன்முறையீட்டில் மேலும் சான்றுகள் வந்து, 2022இல் ஒரு பகுதி மீண்டது. 2024ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி ஐரோப்பியப் பொது நீதிமன்று, கோழியிறைச்சிச் சான்ட்விச்சுக்கு அப்பெயர் ஐந்தாண்டு மெய்யாக வழங்கியமை நிறுவப்படவில்லை என்றது. மாட்டிறைச்சிச் சான்ட்விச்சுக்குரிய பதிவு தொடப்படாமல் நின்றது.