தமிழ்நாட்டில் வாங்கிய மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெங்களூருவில் செல்லுமா?

வேலைக்காக பெங்களூருவுக்கு குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வரும் முதல் சந்தேகம் இது. செல்லும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 58-வது பிரிவு, இந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்கிறது. 'இங்க புதுசா எடுத்துட்டு வாங்க'ன்னு யாராவது சொன்னால் அந்தப் பிரிவைக் காட்டலாம். மாநில அரசின் மாதாந்திர உதவித்தொகை மட்டும் வேறு கதை. அதற்கு கர்நாடகத்தில் வசிக்கும் ஆதாரம் வேண்டும்.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் மத்திய அரசின் நிராமயா காப்பீட்டைத் தவறவிடக் கூடாது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவும் சேர்த்து. வயது வரம்பு கிடையாது. தேசிய அறக்கட்டளையில் பதிவான தொண்டு நிறுவனங்கள் மூலம் சேரலாம்.

தெரபி, வேலைப் பயிற்சி எங்கே? லிங்கராஜபுரத்தில் 1959-ல் தொடங்கப்பட்ட ஏ.பி.டி. அமைப்பில் முதலில் விசாரிக்கலாம்.