மறைந்து போன பாதித் திரை



மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, சோழர் காலத்தையோ நம் கல்லூரிக் கட்டடம் எழுந்த கதையையோ எதிர்பார்த்திருப்பார்கள். நான் செல்போனுக்கு சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எனக்குத் தெரிந்தது என் தொழிலின் சரித்திரம்தான். அதிலும் ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

செல்போனில் எதையாவது எழுதப் போனால், கீழேயிருந்து கீபோர்டு எழும்பிப் பாதித் திரையை மூடிக் கொள்கிறது அல்லவா? அப்போதும் நாம் எழுதுகிற கட்டமும், எழுதியதை அனுப்புகிற பட்டனும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். "இதுக்கெல்லாமா ஒரு சரித்திரம்?" என்று சீனியர்கள் சிரிக்க வேண்டாம். உலகத்தின் பெரிய கம்பெனிகளையே பல ஆண்டுகள் படாத பாடு படுத்திய விஷயம் இது.

தாளை மறைக்காத விசைகள்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அந்த மிஷினில் விசைகள் கீழே, தாள் மேலே. அடிக்கிற விசை தாளை மறைக்குமோ என்று யாரும் கவலைப்பட்டதில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் கீபோர்டு மேஜை மேல், திரை கண்ணுக்கு நேரே. ஹாஸ்டலில் நோக்கியா 1100-ஐ வைத்துக் கொண்டு, போர்வைக்குள் கட்டை விரலாலேயே மெசேஜ் தட்டிய காலத்திலும் பட்டனுக்கு ஓர் இடம், திரைக்கு ஓர் இடம் என்றுதான் இருந்தது.

விசைகள் திரைக்குள்ளேயே குடியேறிய பிறகுதான் தகராறு ஆரம்பம். 1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன் என்ற போனில் தொடுதிரை இருந்தது. அதிலேயே எழுத்துகளைக் காட்டித் தொடச் சொன்னார்கள். ஒரே சின்னத் திரையில் எழுதுவதற்கும் இடம் வேண்டும், படிப்பதற்கும் இடம் வேண்டும். யாருக்கு எவ்வளவு?

1996-இல் ஜெஃப் ஹாக்கின்ஸ் குழுவினர் கொண்டு வந்த பைலட் என்ற கையடக்கக் கருவி இதற்கு ஒரு வழி செய்தது. 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட திரை. அதற்குக் கீழே, குச்சியால் எழுதுவதற்கென்றே நிரந்தரமாக ஓர் இடம். எதுவும் எதையும் மறைக்காது. ஆனால் எழுதாத நேரத்திலும் அந்த இடம் சும்மாவே கிடக்கும். வீட்டில் இருப்பது இரண்டே அறை, அதில் ஒன்றை விருந்தாளிக்கென்று பூட்டி வைத்த கதை. 2003-இல் அதே பாம் குடும்பத்தில் வந்த டங்ஸ்டன் டி3, 320-க்கு 480 புள்ளிகள் கொண்ட திரையோடு வந்தது; வேண்டாதபோது எழுதும் இடத்தை மடக்கி வைத்துக் கொள்ளலாம்.

இதற்கு நடுவில், 2000-இல், மைக்ரோசாஃப்டின் பாக்கெட் பிசி வந்தது. அதில் கீபோர்டு வேண்டும்போது எழும்பும், வேண்டாதபோது இறங்கும். எழும்பும்போது அது ஓடிக் கொண்டிருக்கும் ப்ரோகிராமின் மேல் போய்ப் படுத்துக் கொள்ளும். "நான் வந்துவிட்டேன்" என்று ஒரு செய்தி மட்டும் அந்த ப்ரோகிராமுக்குப் போகும். அதைக் கேட்டுத் தன்னைச் சுருக்கிக் கொள்வது ப்ரோகிராம் எழுதியவர் பொறுப்பு. கேட்காவிட்டால்? திரையின் அடிப்பகுதி மறைந்தே கிடக்கும்.

தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கீபோர்டு ஒரு ப்ரோகிராம். நாம் எழுதும் ஆப் வேறொரு ப்ரோகிராம். ஒன்றின் உயரம் இன்னொன்றுக்குத் தானாகத் தெரியாது. நடுவில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் சொன்னால்தான் உண்டு. இந்தச் சரித்திரம் முழுவதும், அந்த நடு ஆள் எப்போது, எவ்வளவு சொன்னார் என்பதுதான்.

216

2005-இல் ஆப்பிள் கம்பெனியில், ரகசியமாகப் போன் செய்து கொண்டிருந்த குழுவில், தொடுதிரைக் கீபோர்டு சரியாக அமையவில்லை. மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு எல்லோரும் கீபோர்டு செய்து காட்டுங்கள் என்று ஒரு போட்டியே வைத்தார்கள். அதில் ஜெயித்தவர் கென் கோசியெண்டா என்ற இன்ஜினியர். 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை உலகத்துக்குக் காட்டினார். ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தது.

அதன் திரை உயரம் 480 புள்ளி. கீபோர்டின் உயரம் 216. தமிழ் படித்தவர்களுக்கு 216 என்றால் உடனே உயிர்மெய் எழுத்துகள் ஞாபகம் வரும்! இது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு இந்த எண் மறக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். 480-இல் 216 போனால் 264. உச்சியில் மணியும் சிக்னலும் காட்டும் பட்டை 20, தலைப்புப் பட்டை 44 போனால் மிச்சம் 200. பாதித் திரைகூட இல்லை. போனைப் படுக்க வைத்தால் இன்னும் மோசம்: உயரம் 320, கீபோர்டு 162.

2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. வெளியாட்களும் ஆப் எழுத வந்தார்கள். கீபோர்டு எழும்பப் போகிறது, அதன் அளவு இது என்று சிஸ்டம் அறிவிப்புக் கொடுத்தது. அந்த அளவைப் பார்த்துத் திரையை மேலே நகர்த்துங்கள் என்று ஆப்பிளின் கையேடும் சொன்னது. ஆனால் அவசரக்காரர்கள் அறிவிப்பைப் படிக்கவில்லை. "எப்படியும் 216தானே" என்று அந்த எண்ணையே ப்ரோகிராமில் நேராக எழுதி வைத்தார்கள்.

2010-இல் ஐபேட் வந்தது. நிற்க வைத்தால் 264, படுக்க வைத்தால் 352. 2011-இல் ஐஓஎஸ் 5, ஐபேட் கீபோர்டை இரண்டாகப் பிளந்து திரையின் நடுவில்கூட வைத்துக் கொள்ளலாம் என்றது. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது தமிழ் 99, அஞ்சல் என்ற தமிழ் விசை அமைப்புகள் ஐபோனிலேயே கிடைத்தன. 2014-இல் ஐஓஎஸ் 8, அடுத்த சொல் என்னவென்று ஊகித்துக் காட்டும் பட்டையைக் கீபோர்டின் தலைமேல் ஏற்றியது. பிற கம்பெனிகளின் கீபோர்டுகளுக்கும் கதவைத் திறந்தது. பெயரை இங்கிலீஷில் எழுதிவிட்டு, முகவரிக்குத் தமிழ் கீபோர்டுக்கு மாறினால் நடுவழியிலேயே உயரம் மாறக்கூடும். 216 என்று கல்லில் வெட்டி வைத்தவர்களின் கதி என்னவாயிருக்கும், நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்!

தள்ளி உட்காருங்க

மறுபக்கம் ஆண்ட்ராய்டு. 2008 அக்டோபரில் வந்த அதன் முதல் போனில் இழுத்துத் திறக்கும் நிஜக் கீபோர்டு இருந்தது. திரைக் கீபோர்டு கிடையாது. 2009 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு 1.5 வந்தபோதுதான் அது சேர்ந்தது. எங்கள் பேட்ச் மூன்றாம் ஆண்டில் இருந்த சமயம்.

கூகுள்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே யார் வேண்டுமானாலும் கீபோர்டு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே உயரம் இவ்வளவு என்று எண்ணைச் சொல்வதற்கே வழியில்லை. அதற்குப் பதில் ஆப் எழுதுபவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: கீபோர்டு வந்தால் திரையைச் சுருக்கவா, தள்ளவா?

நம் டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நாலாவது ஆள் வந்தால் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்கிறோம். எல்லோரும் சற்று ஒடுங்கி இடம் கொடுப்பது முதல் வகை. அதன் பெயர் 'அட்ஜஸ்ட் ரீசைஸ்'. மிச்சமிருக்கும் இடத்துக்குள் திரையே மறுபடி அடுக்கப்படும். உருட்டிப் பார்த்தால் எல்லாம் கிடைக்கும். இரண்டாவது 'அட்ஜஸ்ட் பேன்'. யாரும் ஒடுங்க மாட்டார்கள். வரிசையை அப்படியே ஒரு தள்ளு! எழுதும் கட்டம் தெரியும். மேலே உள்ள தலைப்பு திரைக்கு வெளியே போய்விடும். அடியில் உள்ள பட்டன் கீபோர்டுக்குப் பின்னாலேயே இருந்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல். உச்சியில் இருக்கும் மணி, சிக்னல் பட்டையை மறைத்து முழுத் திரையையும் ஆப்பே எடுத்துக் கொண்டால் சுருக்கும் வேலை நடக்காது. கூகுளின் புகார்ப் பதிவேட்டில் இதற்கு 5497 என்று நம்பர். இந்த நம்பரைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் பலர் பெருமூச்சு விடுவார்கள். கீபோர்டு வந்திருக்கிறதா இல்லையா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளவே பல ஆண்டுகள் நேரான வழி கிடையாது. திரையில் தெரியும் பகுதியை அளந்து, திடீரென்று குறைந்திருந்தால் "வந்திருக்கும் போல" என்று ஊகிப்போம். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி, உள்ளே எத்தனை விருந்தாளி என்று கணக்குப் போடுவது மாதிரி.

"நமக்கு இதெல்லாம் வராது தம்பி"

இது ப்ரோகிராம்காரர்களின் தலைவலி மட்டும்தானா என்றால், இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், கிராமத்து மகளிர் குழுக்கள் கடன் விண்ணப்பத்தைப் போனிலேயே நிரப்புவதற்கு ஒரு நிறுவனம் ஆப் செய்திருந்தது. பலர் கடைசிக் கட்டம் வரை நிரப்பிவிட்டு அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள், ஏனென்று பார்த்து வாருங்கள் என்று என்னை அனுப்பினார்கள்.

குழுத் தலைவி ஒரு அக்கா. நாலு அங்குலத் திரை, கண்ணுக்காகப் பெரிதாக்கி வைத்த எழுத்து. பெயர், ஊர், தொகை எல்லாம் பொறுமையாக நிரப்பினார். கடைசிக் கட்டத்தில் எழுதி முடித்ததும் நின்றுவிட்டார். அனுப்பும் பட்டன் கீபோர்டுக்குப் பின்னால் இருந்தது. பின்னால் போகும் பட்டனை ஒருமுறை தட்டினால் கீபோர்டு இறங்கிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைத் தட்டினால் எழுதியதெல்லாம் போய்விடுமோ என்ற பயம் வேறு. போனை என் கையில் கொடுத்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராது தம்பி" என்றார்.

அந்த அக்காவிடம் எந்தக் குறையும் இல்லை. ஐந்தாறு கட்டங்களை ஒரு பிழையில்லாமல் நிரப்பியவர் அவர். குறை ஆப்பில் இருந்தது: அழகுக்காக முழுத் திரையை எடுத்துக் கொண்டிருந்தார்கள், சாட்சாத் அந்த 5497! அந்த ஒரு அமைப்பை எடுத்ததும் திரை ஒழுங்காகச் சுருங்கியது. உருட்டினால் பட்டன் வந்தது. ஆனால் அதற்குள் எத்தனை பேர் "நமக்கு வராது" என்று தங்களையே நொந்து கொண்டு போனை மூடி வைத்தார்களோ! டைப்ரைட்டர் கெட்டுப் போனால் மிஷின் ரிப்பேர் என்கிறோம். செல்போனில் பட்டன் தெரியாவிட்டால் மட்டும் எளிய மனிதர்கள் தங்களையே ரிப்பேர் என்று நினைத்துக் கொள்கிறார்கள். இந்தச் சரித்திரத்தில் என்னை உறுத்துவது இதுதான்.

நடு ஆள் பேசத் தொடங்கினார்

பிறகு நிலைமை மெல்ல மாறியது. 2020-இல் ஆண்ட்ராய்டு 11, கீபோர்டு இருக்கிறதா, எவ்வளவு உயரம், எழும்பும்போது ஒவ்வொரு கணமும் எங்கே இருக்கிறது என்று நேராகவே சொல்ல ஆரம்பித்தது. முதல் திரைக் கீபோர்டு வந்து பதினோரு ஆண்டு கழித்து! அதே 2020-இல் ஐஓஎஸ் 14, ஆப்பிளின் ஸ்விஃப்ட் யூஐ முறையில் எழுதிய திரைகள் தாமாகவே கீபோர்டுக்கு விலகிக் கொள்ளும்படி செய்தது. 2021-இல் ஐஓஎஸ் 15, கீபோர்டின் மேல் விளிம்பையே ஒரு கோடாகக் கொடுத்து, "பட்டனை இதில் கட்டி வைத்துவிடு, அது ஏறினால் இதுவும் ஏறும்" என்றது.

அதோடு முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 2022 கடைசியில் குரோம் 108, ஆண்ட்ராய்டு போனில் கீபோர்டு வந்தால் இணையப் பக்கத்தைச் சுருக்காமல் பக்கத்தின் மேலேயே கீபோர்டு படியும்படி பழக்கத்தை மாற்றிக் கொண்டது. 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15, தனக்கென்று எழுதப்படும் ஆப்கள் திரையின் விளிம்பு வரை பரவித்தான் ஆக வேண்டும் என்றது. பழைய 'சுருக்கு' கட்டளையை மட்டும் நம்பியிருந்தவர்கள் கீபோர்டின் உயரத்தைக் கேட்டு வாங்கித் தாங்களே இடம் விட வேண்டியதாயிற்று. கருவி மாறுகிறது, கட்டளை மாறுகிறது. "எழுதுகிறவருக்கு எழுதுவது தெரிய வேண்டும்" என்ற தேவை மட்டும் டைப்ரைட்டர் காலத்திலிருந்து மாறவேயில்லை.

ஆகவே இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஆப் செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வைவாவுக்குப் போகும் முன் ஒரு பரீட்சை நீங்களே வைத்துக் கொள்ளுங்கள். கிடைப்பதிலேயே சின்னத் திரை உள்ள போனை இரவல் வாங்குங்கள். எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். தமிழ் கீபோர்டைப் போடுங்கள். போனை ஒருமுறை படுக்க வையுங்கள். பிறகு கடைசிக் கட்டத்தில் எழுதிப் பார்த்து, கீபோர்டை இறக்காமலேயே அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். மொத்தம் பத்து நிமிஷம் ஆகாது. முடிந்தால் உங்கள் அம்மாவிடமோ, மெஸ் அண்ணனிடமோ கொடுத்துப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் கை எங்கே நிற்கிறதோ, அங்கேதான் உங்களுக்கு வேலை பாக்கி இருக்கிறது.

நம் கல்லூரியிலிருந்து கிளம்பிய பிள்ளைகள் செய்த எந்தப் பொருளைத் தொட்டும், யாரும் "நமக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லும்படி ஆகக் கூடாது.